தோற்றவர்க்கும் ஓர் இருக்கை

(திருவனந்தபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1947 ஜூன் 11 அன்று இந்த நகரிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியானது. ஆங்கிலேயர் ஆட்சி முடிகிற நாளில் திருவிதாங்கூர் தனி நாடாகிவிடும் என்றார் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர். அதை வெற்றுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பாகிஸ்தானுக்கு ஒரு வணிகப் பிரதிநிதியை நியமிக்கிற வரைக்கும் காரியம் போயிற்று. கடற்கரை மணலில் மோனசைட் இருந்தது, மோனசைட்டில் தோரியம் இருந்தது. அணுகுண்டு விழுந்து இரண்டாண்டுகூட ஆகாத உலகத்தில் அந்த மணலைக் கேட்டு வர வல்லரசுகள் காத்திருந்தன. பள்ளிவாசலில் மின்சாரம், மலையில் தேயிலை, இடைநாட்டில் இரப்பர். ஒரு சிறிய நாடு தன் காலில் நிற்க இவை போதும் என்று திவான் கணக்குப் போட்டார். ஜூலை 25 அன்று சுவாதித் திருநாள் இசைக் கழக வளாகத்தில் கே.சி.எஸ். மணி அவரை வெட்டினார். அந்த மாதம் முடிவதற்குள் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்திய ஒன்றியத்தில் சேரச் சம்மதித்துவிட்டார். ஆகஸ்டில் சர் சி.பி. ஊரை விட்டே போனார்.

ஏழு வாரம் அறிவிப்பாக மட்டுமே நின்ற அந்தத் தனிநாடு உண்மையிலேயே அமைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடக்காத ஒன்றைப் பற்றிக் கேட்பது வரலாறாகாது என்று என் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் கேட்கிறேன். நம் மண்ணில் நடக்காமல் போனது வேறொரு மண்ணில் ஏறக்குறைய அப்படியே நடந்திருக்கிறது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால், 1945 முதல் 1956 வரை இந்த நகருக்கும் இதன் தெற்கேயுள்ள தாலுகாக்களுக்கும் இடையில் நடந்ததை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். எது நம்மைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றாமல் விட்டது என்ற இரண்டையும் பார்க்கலாம்.

அந்த நாடு தஜிகிஸ்தான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. பாரசீக மொழியின் ஒரு வடிவத்தைப் பேசுகிற மக்கள். 1924-இல் சோவியத் அரசு மத்திய ஆசியாவை மொழிவாரியாகக் கூறுபோட்டபோது, உஸ்பெக் குடியரசுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாகத் தஜிகிஸ்தானை வரைந்தது. 1929-இல் கோஜந்த் பகுதியைச் சேர்த்துத் தனிக் குடியரசு ஆக்கியது. தஜிக் மொழியும் இலக்கியமும் செழித்த சமர்கந்து, புகாரா என்ற இரண்டு பெருநகரங்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம், உஸ்பெகிஸ்தானில் நின்றுவிட்டன. இந்தப் பக்கம் கிடைத்த தலைநகர் துஷான்பே அன்றைக்கு ஒரு சந்தை கூடுகிற கிராமம். பண்பாட்டின் தலை ஒரு நாட்டிலும் உடல் இன்னொரு நாட்டிலுமாகப் போனது. உள்ளே இருந்த பகுதிகளுக்குள்ளும் ஒட்டுறவு குறைவு. வடக்கே கோஜந்த், தெற்கே குலோப், நடுவில் கார்ம் பள்ளத்தாக்கு, கிழக்கே பமீர் மலையின் பதக்ஷான். இவர்களை ஒரு கூரைக்கடியில் வைத்திருந்தது மாஸ்கோ.

1991 செப்டம்பர் 9 அன்று நாடு விடுதலை பெற்றது. கூரை போயிற்று. 1992 வசந்தத்தில் துஷான்பேயின் ஒரு திடலில் எதிர்க்கட்சியினர் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு திடலில் அரசின் ஆதரவாளர்கள் உட்கார்ந்தார்கள். மே மாதம் அதிபர் நபியெவ் தன் ஆதரவாளர்களுக்குத் துப்பாக்கிகளைப் பங்கிட்டார். செப்டம்பரில் அதே அதிபர் விமான நிலையத்தில் துப்பாக்கி முனையில் பதவி விலகினார். வெளியிலிருந்து பார்த்தவர்கள் பழைய கம்யூனிஸ்டுகளுக்கும் இஸ்லாமியக் கட்சிக்கும் சண்டை என்று எழுதினார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது குலோப் ஊராருக்கும் கார்ம் ஊராருக்கும் நடந்த சண்டை. ஐந்தாண்டுப் போரில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்கு ஓடினார்கள். ஆப்கானிஸ்தானுக்கு அகதியாக ஓட வேண்டிய நிலை என்றால் அதன் கொடுமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மிக மோசமான கொலைகள் நடந்த இடம் வக்ஷ் பள்ளத்தாக்கின் பருத்திக்காடு. சோவியத் ஆட்சியின் தொடக்கப் பத்தாண்டுகளில், மலைக் கிராமங்களிலிருந்து கார்ம் மக்களைக் கட்டாயமாக இறக்கி, பருத்தி பயிரிட அங்கே குடியேற்றினார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அந்த ஊராராகவே கூட்டுப்பண்ணைகளில் வைத்தார்கள். இரண்டு தலைமுறை உழைத்த பிறகும் அவர்கள் வந்தேறிகளாகவே எண்ணப்பட்டார்கள். போர் வந்தபோது யாரை எந்தப் பண்ணையில் தேடுவது என்பது துப்பாக்கி வைத்திருந்தவனுக்குத் தெரிந்திருந்தது. வேலைக்காக இடம் பெயர்க்கப்பட்ட இந்த மக்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மலைக்கு வரும்போது அவர்களை மறுபடி நினைக்க வேண்டியிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1945 டிசம்பரில், சர் சி.பி. இன்னும் திவானாக இருந்தபோதே, நாகர்கோவிலில் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென ஓர் அமைப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு இரவிப்புத்தூரில் கூடியபோது அதற்குத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயர் வந்தது. 1947 செப்டம்பரில் வழக்கறிஞர் ஏ. நேசமணி அதற்குள் வந்தார். சாம் நத்தானியேல், பி.எஸ். மணி, தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார், அப்துல் ரசாக், சிதம்பரநாதன் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த நகரத்தில் பெண்கள் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவரும் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற பக்கம் நின்றார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தமிழ்ப் பகுதிகள் சென்னை மாகாணத்தோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை.

இப்போது அந்த ஜூன் 11 அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திவானின் மோனசைட் கிடைத்தது எங்கே? சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும். மணவாளக்குறிச்சி கல்குளம் தாலுகா. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எது? நாஞ்சில் நாடு. பேச்சிப்பாறை அணை கட்டி நீர் பாய்ச்சிய வயல்கள் எல்லாம் அங்கேதான். தனி நாடாகியிருந்தால் அதன் செல்வத்தில் பெரும் பங்கு பிரிந்துபோகக் கேட்கிற தமிழ் மண்ணில் இருந்திருக்கும். அந்த நிலையில் நேசமணி கேட்டது எதுவாகியிருக்கும்? அண்டை நாட்டோடு சேரக் கேட்பது பல தனிநாடுகளில் தேசத்துரோகம். தண்டனை தூக்காகவும் இருக்கலாம், நாடு கடத்தலாகவும் இருக்கலாம். இந்திய ஒன்றியத்துக்குள் அதே கோரிக்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஏழு தாலுகாக்களை மாற்றுகிற எல்லைத் திருத்தம். கோரிக்கையில் ஓர் எழுத்து மாறவில்லை. அது நின்ற இடம்தான் மாறியது. நம் தெற்கு எல்லைப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் 1954-இன் வீரத்தைச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அந்த வீரம் உள்நாட்டுப் போராகாமல் தப்பியது 1947 ஜூலையில் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தேகம் இருந்தால் அதே நாட்களில் அதே வழியில் போன ஐதராபாத்தைப் பாருங்கள். 1948 செப்டம்பரில் அங்கே படை நுழைந்தது. முன்னும் பின்னும் சிந்திய இரத்தம் இன்றும் பேசக் கூசுகிற கதை.

தெற்குத் தமிழர் இயக்கத்தை மொழி என்ற ஒரே சொல்லால் அடக்கிவிட முடியாது. துஷான்பேயில் கட்சிப் பெயருக்கு அடியில் ஊர்ப் பகை இருந்தது போல, இங்கே மொழிக்கு அடியில் சாதி இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கிற உரிமைக்காக 1822 தொடங்கிப் போராடினார்கள். 1859-இல்தான் மகாராஜாவின் ஆணை வந்தது, அதுவும் நிபந்தனையோடு. அந்த நினைவை விளவங்கோட்டுக்காரர்கள் 1948-இலும் சுமந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் நில உரிமையும் சர்க்கார் உத்தியோகமும் யார் கையில் இருந்தன என்பது அவர்களுக்குத் தெரியும். நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் மேற்குத் தாலுகாக்களின் நாடார்களுக்கும் இடையில் விலகலும் ஐயமும் இருந்தன. அதை மீறி ஓர் இயக்கமாகச் சேர்ந்தது அந்தத் தலைவர்களின் பெரிய சாதனை.

மலையாளிகளின் பக்க நியாயத்தையும் இந்த நகரத்தில் நின்று சொல்லாமல் இருக்க முடியாது. 1891-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பமிட்டு மகாராஜாவிடம் கொடுத்த மலையாளி மெமோரியல் எதைக் கேட்டது? பெரிய உத்தியோகங்களை எல்லாம் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே கொடுக்கிறீர்களே, எங்கள் மண்ணில் எங்களுக்கு இடமில்லையா என்று கேட்டது. அரை நூற்றாண்டு கழித்துத் தெற்குத் தமிழர் கேட்டதும் இதே கேள்வி. ஐக்கிய கேரளம் என்ற கனவு அவர்களுக்கு அன்று கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அரிசி போதாத நாட்டில் அரிசி விளைகிற மண்ணை விட்டுக்கொடு என்றால் கலங்காதவர் யார்? பட்டம் தாணுப்பிள்ளை சர் சி.பி.யின் அடக்குமுறையை எதிர்த்துச் சிறை சென்றவர். அவர் கண்ணில் இது நாட்டைத் துண்டாக்குகிற வேலையாகப் பட்டது.

1948 பிப்ரவரியில் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது. இந்தியாவில் வேறெங்கும் அது இன்னும் வராத காலம். தேர்தலை ஒட்டிய கலவரத்தில் காவல்துறையின் குண்டுக்கு மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் பலியானார்கள். ஆனால் 120 இடங்கள் கொண்ட அவையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பெற்றது. இரண்டு பிணங்களும் 14 இருக்கைகளும் ஒரே மாதத்துக் கணக்கு. பிணங்களை எண்ணிப் பழி வாங்கப் போயிருக்கலாம். இருக்கைகளில் உட்கார்ந்து பேசப் போனார்கள். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது தமிழரின் விகிதம் இன்னும் குறைந்தது, அவர்கள் எதிர்த்தார்கள், பலன் இல்லை. 1952 தேர்தலில் அவர்களுக்கு 8 இடம். நேசமணி நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றம் போனார். ஏ.ஜே. ஜான் அமைச்சரவை இந்த 8 பேரின் தயவில் நின்றது, அவர்கள் கை விட்டதும் 1953-இல் விழுந்தது. 1954 தேர்தலில் 12 இடம். சிறுபான்மைக் கட்சி ஒன்று ஆட்சியைக் கவிழ்க்கிற பலத்தோடு இந்த நகரத்தின் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தது. தஜிகிஸ்தானின் கார்ம் மக்களுக்கு 1992-இல் அப்படி ஓர் இருக்கை உறுதியாக இருந்திருந்தால் திடலில் கூடாரம் போட்டிருப்பார்களா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1954 மார்ச்சில் பட்டம் முதலமைச்சரானார். அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19 உறுப்பினர்களே. காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியது. ஜூலையில் நேசமணியும் தோழர்களும் தடையை மீறித் தேவிகுளம் போய்க் கைதானார்கள். தெற்கே கொதித்தது. ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லாச் சமயத்தாரும் விழுந்தார்கள். அதன் பிறகு வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள். பையன்கள் மலைக்கும் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமைக்கும் ஓடினார்கள். புதுக்கடையில் நினைவுத்தூண் நிற்கிறது. இங்கிருந்து அரை நாளில் போய்த் திரும்பலாம். இந்த அவையில் உள்ள இளைஞர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வர வேண்டும்.

அடுத்து நடந்த ஒரு காரியம்தான் இந்த முழு வரலாற்றிலும் என்னை அதிகம் நெகிழ வைப்பது. ராம் மனோகர் லோகியா அப்போது பட்டத்தின் கட்சிக்கே பொதுச்செயலாளர். உத்தரப் பிரதேசத்தில் பாசன வரியை எதிர்த்துப் போராடி நைனிச் சிறையில் இருந்தார். சுதந்திர இந்தியாவில் ஒரு சோஷலிஸ்ட் அரசு மக்களைச் சுட்டால் அது பதவி விலகி விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று சிறையிலிருந்து சொல்லி அனுப்பினார். நாட்டிலேயே அவர் கட்சி கையில் வைத்திருந்த ஒரே ஆட்சி அது. பட்டம் கேட்கவில்லை. கட்சித் தலைமையும் பட்டத்தின் பக்கம் நின்றது. லோகியா பொறுப்பிலிருந்து விலகினார், 1955-இல் கட்சியை விட்டே நீக்கப்பட்டார், அந்த ஆண்டின் முடிவில் கட்சி பிளந்தது. இந்தி பேசுகிற ஒரு தலைவர், தமக்கு வாக்குப் போடாத, தம் மொழி தெரியாத விளவங்கோட்டுக் குடியானவர்களுக்காகத் தம் கட்சியையே இழந்தார். தாய்த் தமிழகத்தில் அன்று இதற்கு இணையாக இழந்தவர் யார் என்று தேடிப் பாருங்கள். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் முழு மனத்தோடு துணை நின்றது, அதை மறக்கவில்லை. ஆனால் ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு தன் ஆட்சியைப் பார்த்து இறங்கு என்று சொன்ன குரல் லோகியாவினுடையது.

மாநில எல்லைகளைத் திருத்தியமைக்கும் ஆணையம் இதற்கு முன்பே அமைந்திருந்தது. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவர். பணிக்கர் திருவிதாங்கூர்க் காவாலத்துக்காரர். அப்படியிருந்தும் 1955 செப்டம்பர் 30 அன்று கொடுத்த அறிக்கையில் தெற்கின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னையோடு சேர வேண்டும் என்று பரிந்துரை இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஆரியங்காவுப் பகுதி மட்டும் இந்தப் பக்கம் நின்றது. அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சியில் அமைச்சரவையே இல்லை, குடியரசுத் தலைவர் ஆட்சி. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நடுவராகத் தில்லி இருந்தது, அந்த நடுவருக்கு இந்தத் தாலுகாக்களில் சொந்த ஆதாயம் இல்லை. தஜிகிஸ்தானில் நடுவராக நிற்கக்கூடிய ருஷ்யாவின் படைப்பிரிவு நாட்டுக்குள்ளேயே முகாமிட்டிருந்தது. உஸ்பெகிஸ்தான் ஒரு பக்கத்துக்குத் துணை போனது. ஐந்தாண்டு பிணம் விழுந்த பிறகு, ஐக்கிய நாடுகள் அவை நடுவில் நின்று, 1997 ஜூன் 27 அன்று மாஸ்கோவில் ஒப்பந்தம் ஆயிற்று. அதன் உயிர்நாடி ஒரே ஒரு விதி. அரசுப் பதவிகளில் 30 விழுக்காடு எதிர்த்தரப்புக்கு. தோற்றவனுக்கும் இருக்கை கொடு என்பதுதான் அது. போர் நின்றது. அதன் பின் சாமானி மன்னனுக்குச் சிலை எழுந்தது, நாணயத்துக்கு அவன் பெயர் வந்தது, நாட்டுக்கு ஒரு பழம்பெருமை தைத்துக் கொடுக்கப்பட்டது. ஆனால் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த அந்த இருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். 2015-இல் எதிர்த்தரப்பின் கட்சியே தடை செய்யப்பட்டது. 2022-இல் பமீர் மலையில் மறுபடி துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

நாம் தப்பினோம் என்று இந்த இடத்தில் நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். தேவிகுளமும் பீர்மேடும் எங்கே? ஏழு தாலுகாக்களைக் கேட்டார்கள் என்றேனே, அந்த இரண்டையும் ஆணையம் கேரளத்துக்கே விட்டது. அங்கே தமிழர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்றது. நீர்மின் திட்டங்களும் மலையின் பொருளாதாரமும் மக்கள் நெருக்கமுள்ள கேரளத்துக்குத் தேவை என்றது. அறிக்கை வெளிவருவதற்கு முன்பே பட்டம் அரசு அந்த மலையில் மலையாளிக் குடும்பங்களுக்கு ஐந்தைந்து ஏக்கர் கொடுத்துக் குடியேற்றியது. கல்லாறு பக்கத்தில் பட்டம் காலனி என்று அது இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது. நிலமில்லாத ஏழைகள்தான் அங்கே வந்தவர்கள், அவர்கள் மீது எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மலையில் முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே ஏறிவந்து காடு வெட்டித் தேயிலை நட்ட கயத்தாறு, சங்கரன்கோவில், போடி ஊர்க்காரர்களுக்கு ஒரு சென்ட் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கங்காணி கூட்டிவந்தான், கம்பெனி லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் வைத்தது. வக்ஷ் பள்ளத்தாக்கின் பருத்திப் பண்ணையில் கார்ம் மக்கள் எப்படியோ, கண்ணன் தேவன் மலையில் இவர்கள் அப்படி. வேலைக்கு வந்தவன் குடியானவன் ஆவதில்லை என்ற ஒரே எண்ணம்தான் இரண்டு இடங்களையும் ஆண்டது. சோவியத் அதிகாரியும், ஆங்கிலத் தோட்டக்காரனும், நம் ஆணையமும் இதில் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். சென்னையில் அன்று ஆட்சியிலிருந்த காமராசரும் இந்த இரண்டு தாலுகாக்களுக்காகப் பிடிவாதமாக நிற்கவில்லை.

அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 1956-இல் வந்தது. மாநிலங்கள் பிரிந்ததற்கு ஏற்ப எழுதப்பட்ட திருத்தம் அது. அதில் 290-ஏ என்று ஒரு பிரிவு. கோயில் நிலங்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் கேரளம் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46,50,000 ரூபாயும், அந்தப் பக்கம் போன கோயில்களுக்காகத் தமிழ்நாடு தன் தேவஸ்வம் நிதிக்கு 13,50,000 ரூபாயும் கொடுக்க வேண்டும். ரூபாய்க் கணக்கு அரசியல் சட்டத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தே தீர வேண்டும். அதே திருத்தம் 350-ஏ என்று இன்னொரு பிரிவையும் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும், அவ்வளவே. சாமிக்குத் தொகை உறுதி, குழந்தைக்கு முயற்சி. இரண்டையும் ஒரே திருத்தத்தில் ஒரே கூட்டத்தார் எழுதினார்கள். மூணாற்றுத் தமிழ்க் குழந்தைக்கு மட்டுமில்லை, விளவங்கோட்டில் மலையாளம் படிக்கிற குழந்தைக்கும் இதே கதிதான்.

அப்படிச் சொன்னாலும் நல்லதையும் சொல்ல வேண்டும். நவராத்திரி வந்தால் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும், பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் களியக்காவிளை தாண்டி இந்த நகரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். இரண்டு மாநிலத்துக் காவலரும் அணிவகுத்து நின்று மரியாதை செய்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, அதைப் பேணுவது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் ஒருவரையொருவர் ஐயப்பட்ட இரண்டு அரசுகள், மனம் வைத்தபோது இவ்வளவு நேர்த்தியாகப் பங்கிட்டிருக்கின்றன. ஆனால் நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் விளவங்கோட்டு வயலுக்கு 2004-இலிருந்து வரவில்லை. சாமிக்குத் திறக்கிற எல்லை தண்ணீருக்குத் திறக்கவில்லை.

பீர்மேடு தாலுகாவில் நிற்கிற முல்லைப்பெரியாறு அணையைப் பற்றி இன்று விரிவாகப் பேசப் போவதில்லை. 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை, உச்சநீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு, எல்லாம் நீங்கள் அறிந்தவை. 2011 டிசம்பரை மட்டும் நினைவூட்டுகிறேன். அணைச் சண்டை முற்றியபோது குமுளி எல்லையில் கல்லெறி நடந்தது. ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் இரவோடிரவாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கின. இங்கே தமிழர் கடைகளும் அங்கே மலையாளிக் கடைகளும் என்று இரு புறமும் பயம். அந்த நாட்களில் உயிரிழப்பு பெருகாமல் நின்றது இரு மாநிலத்து நல்லவர்களின் நிதானத்தால். ஆனால் யார் ஓடினார்கள் என்று பாருங்கள். பட்டா இல்லாதவர்கள் ஓடினார்கள். நிலமும் வீடும் தன் பெயரில் இருப்பவன் பக்கத்து வீட்டுக்காரனை நம்பித் தங்குகிறான். லயத்தில் இருப்பவன் மூட்டை கட்டுகிறான்.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தங்களை வழிநடத்துவதாகச் சொன்ன தொழிற்சங்கங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். போனசையும் கூலியையும் கேட்டார்கள். கேரளம் முழுக்க அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. மலையாள ஊடகங்கள் அவர்களுடைய தமிழை அப்படியே ஒளிபரப்பின. 1956-க்குப் பிறகு தேவிகுளத்துத் தமிழரின் குரலை இந்த நகரம் நேராகக் கேட்டது அன்றுதான் என்று சொல்வேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறு வட்டாரத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்த மண்ணில் மூன்று, நான்கு தலைமுறை உழைத்தும், சாகும்போது அவர்கள் படுத்திருந்த அறை கம்பெனியுடையது.

இந்த நகரத்துத் தமிழர்களாகிய நாம் அவர்களிலிருந்து வேறுபட்டவர்கள். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம், கரமனையிலும் வலியசாலையிலும் வீடு, பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையிலிருந்து ஆ. மாதவன், நீல. பத்மநாபன், நகுலன் வரை எழுத்து. 1956-இல் நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கமும் ஊர் இருந்தது, இந்தப் பக்கமும் வாழ்வு இருந்தது. 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கேரளத் தமிழருக்கு அரசோடு தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட தலைமைச் செயலகம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது, தேவிகுளத்துக்காரருக்கு அது ஒரு நாள் பயணம். ஆகவே இந்த அவையில் இருக்கிற வழக்கறிஞர்களையும் ஓய்வு பெற்ற அதிகாரிகளையும் பார்த்து இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

லயத்தில் குடியிருப்பவர்களின் வீட்டுரிமை மனுக்களைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், 1969 சட்டத்தைக் காட்டித் தமிழில் பதில் கேளுங்கள், பதில் வரும் வரை விடாதீர்கள். இன்னொன்று, தோட்ட நிலங்கள் யாருக்குச் சொந்தம் என்று அரசுக்கும் கம்பெனிகளுக்கும் நடக்கிற வழக்குகள் வஞ்சியூரிலிருந்து தில்லி வரை நீதிமன்றங்களில் பேசப்படுகின்றன. அந்த நிலத்தில் பணி ஓய்வு பெற்ற அன்றே அறையைக் காலி செய்ய வேண்டியவரின் தரப்பும் அங்கே பதிவாக வேண்டும். அதற்கான வக்காலத்தை எடுக்க முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு பேசுங்கள். தேவிகுளத்துக்குப் போகிற செலவை நாம் பகிர்ந்துகொள்ளலாம்.